பாட்டுக்காரரும் தகவலாளியும்: கே.ஏ. குணசேகரனை முன்வைத்து

(ஏற்காட்டில் மாணவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களும் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஒரு பாட்டுக்காரரைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாட்டு என்றால் நம் இயக்கங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டம் சேருகிற வரைக்கும் நாலு பாட்டுப் பாடச் சொல்லுவோம். தலைவர் வண்டி வந்து நின்றதும், "போதும் தம்பி, இறங்கிக்கோ"ன்னு மைக்கை வாங்கிவிடுவோம். அப்புறம் அந்தத் தம்பி சாப்பிட்டானா, ஊருக்குப் போய்ச் சேரப் பஸ்ஸுக்குக் காசு இருந்ததா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. பாட்டை எடுத்துக்கொள்கிறோம், பாடியவனை விட்டுவிடுகிறோம். இதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று நினைக்கிறேன். கே.ஏ. குணசேகரனை எடுத்துக்கொண்டால் இந்த விஷயம் முழுசாக விளங்கும்.

கரு. அழ. குணசேகரன் 1955-இல் இளையான்குடிப் பக்கம் மாரந்தை என்கிற கிராமத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது இராமநாதபுரம் மாவட்டம், இன்றைக்கு சிவகங்கை மாவட்டம். சேரியில் பிறந்த பிள்ளை. பசியும் வெயிலும் கூடவே வளர்ந்தன. 2005-இல் காலச்சுவடு வெளியீடாக வந்த அவருடைய தன்வரலாறு 'வடு'. படிக்காதவர்கள் படித்துவிடுங்கள், சின்னப் புத்தகம்தான். உதவித்தொகைக் கணக்குக்காக வகுப்பில் சாதியைச் சொல்லி எழுந்து நிற்க வைக்கும்போது ஒரு பையனுக்கு உடம்பெல்லாம் கூசுகிறதே, அந்தக் கூச்சத்தை அதில் எழுதியிருக்கிறார். இளையான்குடி முஸ்லிம்கள் மத்தியில் தீண்டாமையை உணராமல் நடமாட முடிந்ததையும், அங்கிருந்து சாதி இந்துக்கள் வாழும் கிராமங்களுக்குள் நடந்து போனால் "நீ என்ன ஆளுக?" என்ற கேள்வி எதிரே வந்து நிற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ஒரே மனுசன், ஒரே நாள், சில மைல் தூரம். மாறுவது அவனைப் பார்க்கிற கண்ணு மட்டும்தான். சாதி இயற்கையானது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட எளிமையான பதில் எனக்குத் தெரியவில்லை.

சிவகங்கையிலும் மதுரையிலும் படித்து, நாட்டார் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் இயக்குநராகவும் இருந்தார். 'பலி ஆடுகள்' என்ற அவருடைய நாடகத்தைத் தமிழில் தலித் நாடகத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 'தலித் அரங்கியல்' என்று ஒரு நூல் எழுதினார். இந்தப் பட்டங்களையும் பதவிகளையும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த மனிதர் பேராசிரியர் ஆன பிறகும் பாடுவதை விடவில்லை. 'தன்னானே' என்று குழு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பல்கலைக்கழக வாசலோடு பாட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

இதில் என்ன பெரிசு என்று கேட்கலாம். சொல்றேன்.

நாட்டுப்புறவியல் துறையில் ஒரு வார்த்தை இருக்கிறது: தகவலாளி. ஆய்வாளர் டேப்ரெக்கார்டரோடு கிராமத்துக்கு வருவார். நடவு நட்டுக்கொண்டிருக்கிற அம்மாவைக் கரையேறச் சொல்லுவார். "பாடும்மா" என்பார். அந்த அம்மா பாடும். டேப் போய்விடும். ஆய்வேடு வரும், பட்டம் வரும், வேலை வரும். அந்த அம்மாவின் பெயர் பின்னிணைப்பில் ஒரு வரியாக இருக்கும்: பெயர், வயது, சாதி, ஊர். அவள்தான் தகவலாளி. நா. வானமாமலை போன்றவர்கள் இந்த மக்களின் வரலாறு அவர்கள் பாட்டில்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு தொகுத்தார்கள், அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துறை வளர வளர, பாடுகிறவர் ஒரு பக்கம், எழுதுகிறவர் ஒரு பக்கம் என்கிற பிரிவும் சேர்ந்தே வளர்ந்தது. பாடுகிற பக்கம் பெரும்பாலும் சேரி. எழுதுகிற பக்கம் பெரும்பாலும் ஊர்.

குணசேகரன் இந்தக் கோட்டைத் தாண்டிய ஆள். தகவலாளியாக இருந்திருக்க வேண்டியவர் டேப்ரெக்கார்டரின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே போன பிறகும் இந்தப் பக்கத்துக்காரராகவே இருந்தார். அவருடைய நூல் ஒன்றின் பெயர் 'சேரிப்புறவியல்'. இந்தப் பெயரையே ஒரு விமர்சனமாக நான் வாசிக்கிறேன். நாட்டுப்புறம் என்று ஒன்றாகச் சொல்கிறாயே, எந்த நாட்டுப்புறம்? ஊரா, சேரியா? ஊர்த்தெருவில் பாடுகிற தாலாட்டில் மாமன் பொன்னும் வெள்ளியும் கொண்டுவருவான். சேரியில் பாடுகிற தாலாட்டில், தாய் களையெடுக்கப் போக வேண்டும், பிள்ளை சீக்கிரம் தூங்கினால்தான் கூலி. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு 'கிராமிய மணம்' என்று எழுதினால், அந்த மணத்துக்குள் சாதியைப் புதைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இனி 'மனுசங்கடா' பாட்டுக்கு வருகிறேன். எழுதியவர் கவிஞர் இன்குலாப். தமிழ்நாடு முழுக்க அதைத் தன் குரலில் கொண்டுபோனவர் குணசேகரன். அதன் பின்னால் இருப்பது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழத் தஞ்சையில், கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டுச் சங்கம் வைத்த மக்கள் மீது நிலவுடைமையாளர்களின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஓடிப்போய் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களைக் கதவை அடைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள், ஏவலுக்கு ஆளிருக்கும்போது தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற மாதிரி ஒரு வாதம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. சட்டப் புத்தகத்தில் அந்த வழக்கு அதோடு முடிந்தது.

ஆனால் பாட்டில் முடியவில்லை. தீர்ப்பு வந்து பத்து வருசம், இருபது வருசம் கழித்தும் ஒரு ஆள் மேடையில் நின்று அதைப் பாடுகிறார். கீழே உட்கார்ந்திருக்கிற, வெண்மணி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத பிள்ளை அதைக் கேட்கிறான். அவன் மனசில் வழக்கு மறுபடி எடுக்கப்படுகிறது. கோர்ட்டில் எடுபடாத சாட்சி பாட்டில் நிற்கிறது. சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்ட ஒரு தலித் குடும்பத்தைப் பற்றி 2017-இல் அம்ஷன் குமார் படம் எடுத்தபோது அதற்கு வைத்த பெயரும் 'மனுசங்கடா'தான். அந்தச் சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பது நமக்குப் பெருமை இல்லை, தோழர்களே. அது இந்தச் சமூகத்துக்கு அவமானம்.

பேச்சுக்கு முன்னால் இங்கே ஒரு மாணவர் கேட்டார்: "வெள்ளைக்காரன் நாட்டிலேயும் இந்த மாதிரி உண்டா? அங்கேதான் சாதி கிடையாதே?" நல்ல கேள்வி. அயர்லாந்திலிருந்து பதில் சொல்கிறேன். அவர்களும் இங்கிலாந்துக்காரனிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள்தான்.

கிறிஸ்டி மூர் என்று ஒரு ஐரிஷ் நாட்டுப்புறப் பாடகர். 1945-இல் பிறந்தவர். பேங்க் கிளார்க்காக இருந்தார். 1966-இல் பேங்க் ஸ்ட்ரைக் நடந்தபோது பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குப் போய் அங்கே பாடகர் ஆனார். 1972-இல் 'பிளாங்க்ஸ்டி' என்ற குழுவில் சேர்ந்து பெரிய பேர் வாங்கினார். அந்தக் குழுவைப் பிரபலமாக்கிய பாட்டுகளில் சில எங்கிருந்து வந்தன தெரியுமா? ஜான் ரெய்லி என்கிற ஒரு மனிதரிடமிருந்து. அவர் ட்ராவலர் என்று அழைக்கப்படும் நாடோடி மக்களைச் சேர்ந்தவர். தகரம் தட்டி, ஓட்டைப் பாத்திரம் அடைத்து, ஊர் ஊராகச் சுற்றிப் பிழைத்த சனங்கள். ஊருக்கு வெளியேதான் தங்க வேண்டும். கடையில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். திருடன் என்பார்கள். கேட்ட மாதிரி இருக்கிறதா? இந்த ரெய்லியிடம் பல நூறு வருசப் பழைய பாட்டெல்லாம் இருந்தது. எழுதிவைத்த பண்டிதர்கள் மறந்துபோன பாட்டு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தகரக்காரரின் தொண்டையில் இருந்தது. ஆய்வாளர்கள் தேடி வந்து பதிவு செய்தார்கள். 1969-இல் ரெய்லி வறுமையில் செத்தார். பிளாங்க்ஸ்டி அவர் பாட்டைத் தட்டில் போட்டது 1973-இல். ரெய்லியின் குரலே தனித் தட்டாக வந்தது 1978-இல். ட்ராவலர் மக்களைத் தனி இனக்குழுவாக அயர்லாந்து அரசு ஏற்றுக்கொண்டது 2017-இல்தான்.

கிறிஸ்டி மூரைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. பாட்டு யாரிடமிருந்து வந்தது என்று பேர் சொல்லித்தான் அவர் பாடினார், அது நேர்மை. இன்னொன்றும் செய்தார். 1981 பிப்ரவரி 14, டப்ளின் நகரத்தில் 'ஸ்டார்டஸ்ட்' என்ற நடனக்கூடம் தீப்பிடித்தது. 48 பேர் செத்தார்கள். பெரும்பாலும் உழைக்கிற குடும்பத்து இளைஞர்கள். வெளியேறும் கதவுகள் பூட்டியும் அடைத்தும் கிடந்தன. இதைப் பற்றி மூர் ஒரு பாட்டு எழுதினார். 1985-இல் அது தட்டாக வந்ததும், நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பு வந்தது. தட்டைத் திரும்ப வாங்கி, அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறு பாட்டுப் போட வேண்டியதாயிற்று. செத்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2024-இல் புது விசாரணை முடிந்து, 48 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று ஜூரி சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்டது. 43 வருசம் ஆயிற்று.

வெண்மணித் தீயையும் அந்தத் தீயையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒன்று வேண்டுமென்று வைத்தது, மற்றது அலட்சியத்தால் உயிர் குடித்தது. ஆனால் இரண்டு இடத்திலும் நீதிமன்றம் கதவைச் சாத்திய பிறகு செத்தவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது பாட்டு. அங்கே 43 வருசம் கழித்தாவது கதவு திறந்தது. வெண்மணிக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. சாதி இருக்கிற நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் பார்க்கலாம்.

அங்கே பாட்டு ரெய்லியிடமிருந்து மூரிடம் போனது. பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், மேடைக்குச் சொந்தக்காரர் ஒருவர். குணசேகரனிடம் இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. அதனால்தான் அவரை வெறும் 'நல்ல குரல்' என்று பாராட்டி அனுப்புவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பறை.

நம் தோழர்களிடையே இதில் ரெண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சொல்லும்: பறை நம்மேல் சுமத்தப்பட்ட இழிதொழில். சாவுக்கு அடி, ஊர்க்கூட்டம் தண்டோராவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, கடைசியில் தெருக்கோடியில் நின்று சோறு வாங்கு. இதை விட்டால்தான் விடுதலை. இதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது. காட்டுமன்னார்கோவில் பக்கம் எல். இளையபெருமாள் நடத்திய போராட்டங்களில் பறையடிக்க மறுப்பதும் ஒன்று. தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969-இல் அறிக்கை கொடுத்தாரே, அதே இளையபெருமாள். அடிக்க மறுத்ததற்காக அடிபட்டவர்கள், வீடு எரிந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து "பறை நம் கலை" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு கட்சி சொல்லும்: இழிவு தோலில் இல்லை, அடிக்க வைக்கிறவன் கையில் இருக்கிறது. 1990-களில் மதுரை அரசரடியில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களில் பறை தெருவிலிருந்து மேடைக்கு ஏறியது. 'பரட்டை' என்று நாம் அன்போடு கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் நாட்டுப்புற மெட்டில் இறையியலையே பாடினார். குணசேகரனும் இந்தக் கட்சிதான். பறையை வெட்கத்தோடு மறைக்காமல் மேடையின் முன்னால் நிறுத்தினார். அந்த வழியில் நடந்ததால்தான் இன்றைக்குச் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் வைத்துப் பாட முடிகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு கட்சியும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறதா? இல்லையென்றால் அது அடிமைத்தொழில், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் சரி. உரிமை இருந்து, கூலியைத் தானே பேசி, எந்த வாசலில் அடிப்பது எந்த வாசலில் மாட்டேன் என்பது என்று தானே முடிவு செய்தால் அது கலை. பத்மஸ்ரீ ஒருவருக்குக் கிடைத்த அதே வருசத்தில், ஏதோ ஒரு ஊரில் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்ற பையனுக்கு என்ன நடந்தது என்று நாம் கேட்க வேண்டும். விருதைக் காட்டி அந்தக் கேள்வியை மூடிவிடக் கூடாது.

சரி, இந்த மலைக்கு வருவோம். குணசேகரன் 'தமிழக மலையின மக்கள்' என்றும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். மலையையும் சேரியையும் சேர்த்து யோசித்தவர். சேர்வராயன் மலையைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கும்? 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார் என்று இருக்கும். ஏரி, படகு, ரோசாத் தோட்டம், இருபது கொண்டை ஊசி வளைவு. காக்பர்ன் பேர் இருக்கிறது. காட்டை வெட்டிக் குழி எடுத்தது யார்? சில்வர் ஓக் மரத்தடியில் முதுகு ஒடியக் குனிந்து பழம் பறித்தது யார்? கீழே சமவெளிச் சேரிகளிலிருந்து மேஸ்திரி கூட்டிவந்த சனங்கள் லைன் வீட்டில் முதல் ராத்திரி எந்தப் பாட்டைப் பாடியிருப்பார்கள்? குளிருக்கு, அட்டைக்கு, பாதிக்கூலிக்கு, கீழே விட்டுவந்த பிள்ளைக்கு ஒரு ஒப்பாரி இல்லாமலா இருந்திருக்கும்?

இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தங்கள் வரலாறு வாய்மொழியில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதை. வருசா வருசம் சேர்வராயன் கோவில் திருவிழாவில் அந்த மக்கள் கூடுகிறார்கள். அவர்கள் வேறு, தோட்டத்துத் தலித் மக்கள் வேறு. இரண்டு தரப்புக்கும் இடையில் உரசலும் விலகலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ரெண்டு பேரும் ஒன்று: இரண்டு பேர் பாட்டையும் வெளியாட்கள்தான் வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள்.

அதனால் இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இன்றைக்கு உங்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. குணசேகரன் ஆய்வு தொடங்கின காலத்தில் ஒரு டேப்ரெக்கார்டருக்கு அலைந்திருப்பார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. உங்கள் பாட்டியிடம் போய் உட்காருங்கள். வேலைநாளில் கரையேறச் சொல்லாதீர்கள், கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போங்கள். பாட்டைப் பதியும்போது பாடுகிறவர் பேரை முதலில் பதியுங்கள், உங்கள் பேரைக் கடைசியில் போடுங்கள். இந்தப் பாட்டை யாரிடம் கத்துக்கிட்டே என்று கேளுங்கள், அந்தப் பேரையும் எழுதுங்கள். எந்த வேலை செய்யும்போது பாடினது, அந்த வேலைக்கு அன்றைக்கு என்ன கூலி என்று கேளுங்கள். எந்தப் பாட்டைப் பாட மாட்டேன் என்கிறார் என்றும் கேளுங்கள். பாட மறுக்கிற பாட்டில் பெரும்பாலும் பெரிய வரலாறு இருக்கும். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். கொல்லங்குடி கருப்பாயி போன்ற ஒரு குரல் 'ஆண்பாவம்' படத்தில் வந்ததால் ஊருக்குத் தெரிந்தது, 2025-இல் அவரும் போய்விட்டார். படத்தில் வராத கருப்பாயிகள் எத்தனை பேர் லைன் வீட்டிலேயே பாடி முடித்துவிட்டார்கள்?

பதிந்ததை எடுத்துப் போய்த் திரும்ப அந்த லைனிலேயே போட்டுக் காட்டுங்கள். அவர்கள் கேட்கட்டும், திருத்தட்டும், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். மேடைக்கு யாரையாவது கூப்பிட்டால் போகவர பஸ் காசும் அன்றைய கூலியும் கையில் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். இது இயக்கத் தோழர்களுக்கும்தான்.

குணசேகரன் 2016 ஜனவரி 17-இல் புதுச்சேரியில் காலமானார். அறுபது வயதுதான். அதே நாளில்தான் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா தூக்கில் தொங்கினார். ஒருவர் சேரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் போய் நாற்பது வருசம் பாடிக்கொண்டே நின்றவர். இன்னொருவரை ஒரு பல்கலைக்கழகம் இருபத்தாறு வயதில் மூச்சுவிட விடவில்லை. இந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கள் ஒவ்வொருவரும் கல்லூரிக்குள் போகிறீர்கள். போகும்போது பாட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே யாராவது "நீ என்ன ஆளுக?" என்று கேட்டால், என்ன பதில் சொல்வது என்று அவர் பாடி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.